நீர்ப்பூஞ்சணம் யார் வீட்டுப் பிள்ளை?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு வண்ணமீன் கடைக்குப் போய், "மீனின்ர வாலில பஞ்சு மாதிரி வெள்ளையா ஏதோ பிடிச்சிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் மீனைப் பார்க்காமலே மருந்துப் போத்தலை எடுத்து வைப்பார். "அது பங்கஸ் தம்பி. இந்த நீல மருந்தில ரெண்டு சொட்டு விடுங்கோ, கல்லுப்பும் கொஞ்சம் போடுங்கோ. மூண்டு நாளில போயிடும்." அனேகமாகப் போய்விடும். மருந்தில் பிழையில்லை, பெயரில்தான் பிழை. அந்தப் பஞ்சு பெரும்பாலும் சப்ரொலெக்னியா என்ற நீர்ப்பூஞ்சணம். பங்கசுக்கும் அதற்கும் ஒன்றுவிட்ட சொந்தம்கூடக் கிடையாது.

அதன் சொந்தக்காரர்களைத் தேடுவதென்றால் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போக வேண்டும். பாறைகளில் ஒட்டிக்கொண்டு அலைக்கு ஆடும் கபில நிறக் கடற்பாசி அதன் உறவு. குளத்திலும் கடலிலும் சிலிக்காவால் கூடு கட்டி வாழும் தயற்றங்களும் உறவு. சுப்பர்மார்க்கெட்டில் பெட்டியில் அடைத்து விற்கும் காளானோ, நீர்ப்பூஞ்சணத்தைவிட அதை வாங்கிக் கறி வைக்கும் நமக்கே கிட்டிய சொந்தம். இதைக் கேட்டுச் சிரிக்காத உயர்தர வகுப்பு மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனாலும் உயிரியல் அப்படித்தான் சொல்கிறது. எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள், அதை அறிந்து நமக்கு என்ன லாபம் என்பதைப் பார்ப்போம்.

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. வெள்ளையாய்ப் படர்வதெல்லாம் நீர்ப்பூஞ்சணம் என்று எண்ணிவிட வேண்டாம். வாயைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாய்ப் படர்ந்து ஓரிரு நாளில் மீனைச் சாகடிப்பது பற்றீரியா நோயாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. நீர்ப்பூஞ்சணம் பொதுவாகச் சுகமாக இருக்கும் மீனைத் தொடுவதில்லை. காயம் பட்ட இடம், செத்துப்போன முட்டை, தின்னாமல் அடியில் தங்கிய தீனி, இவைதான் அதன் முதல் தெரிவு.

எள்ளுப் போட்டுப் பிடிக்கலாம்

நீர்ப்பூஞ்சணத்தைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. தியவன்னா ஓயாவின் ஓரத்திலோ, வீட்டுக்குக் கிட்ட உள்ள குட்டையிலோ ஒரு கப் தண்ணீரை, மக்கிய இலை ஒன்றிரண்டோடு அள்ளிக்கொள்ளுங்கள். கொஞ்சம் எள்ளைச் சில நிமிடம் அவித்து ஆறவிட்டு, நகத்தால் பிளந்து, நாலைந்து துண்டுகளை அந்தத் தண்ணீரில் போடுங்கள். அவிப்பதற்குக் காரணம் உண்டு. எள் முளைக்காது, அதில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் வித்திகளும் செத்துவிடும். அதன்பிறகு எள்ளில் வளர்வது தண்ணீரிலிருந்து வந்தது என்று ஓரளவு நம்பலாம். வாயகன்ற தட்டத்தில் ஊற்றி, வெயில் படாத, வீட்டிலேயே குளிரான மூலையில் வையுங்கள். கொழும்பு வெக்கைக்குப் பற்றீரியா முந்திக்கொண்டு தண்ணீரைக் கலங்கவைத்து நாறடித்துவிடும். அப்படி நடந்தால் எள்ளை மட்டும் எடுத்துக் கொதித்தாறிய நீருக்கு மாற்றுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம், அது ஊர்க் கழிவெல்லாம் கலந்த தண்ணீர்.

இரண்டு மூன்று நாளில் எள்ளைச் சுற்றி வெள்ளையாய் ஒரு வட்டம் விரியும். அடியில் கறுப்புத் தாளை வைத்தால் இழைகள் தனித்தனியாகவே தெரியும். எள்ளை வெளியே தூக்கினால் வட்டம் முழுவதும் படிந்து, ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும். திரும்பத் தண்ணீரில் விட்டதும் மறுபடி விரியும். மீன் வாலில் பஞ்சாகத் தெரிவதும் இதே இழைக்கூட்டம்தான்.

பாடசாலை நுணுக்குக்காட்டி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. நூறு மடங்கு உருப்பெருக்கம் போதும். நிறமில்லாத அகன்ற குழாய்கள், உள்ளே மெதுவாக நகரும் மணிமணியான பொருள். சில இழைகளின் நுனி மட்டும் தடித்துக் கருமையாக இருக்கும். அதுதான் வித்திக்கலன். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் உள்ளடக்கம் துண்டு துண்டாகப் பிரிவதும், நுனி திறப்பதும், வித்திகள் ஒன்றையொன்று முண்டியடித்து வெளியே கொட்டுவதும் தெரியும். சப்ரொலெக்னியாவானால் வந்த வேகத்திலேயே நீந்திப் போய்விடும். அதன் உறவான அக்லியாவானால் வாசலிலேயே உருண்டையாகக் கூடி நின்று, ஒவ்வொன்றும் ஓடு போர்த்தி, பிறகே அதை உடைத்துக்கொண்டு நீந்தும். எந்த வகை மாட்டியிருக்கிறது என்று அந்த வாசலைப் பார்த்தே சொல்லலாம். இயங்குவித்திகள் நீந்துவதை ஒருமுறை பார்த்துவிட்டால், இதைப் பாண் பூஞ்சணத்தோடு ஒரே வகுப்பில் வைக்க மனம் கொஞ்சம் தயங்கும்.

பங்கசு என்று எண்ணியதில் நியாயம் இருந்தது

உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாக மட்டும் பிரித்த காலத்தில், ஓடாத நடக்காத எதுவும் தாவரப் பக்கம் போனது. லின்னேயஸ் 1753இல் தாவரங்களை ஒழுங்குபடுத்தியபோது காளான்களையும் பூக்காத தாவரங்களோடு சேர்த்தே வைத்தார். நீர்ப்பூஞ்சணமும் அந்த வரிசையில் பங்கசின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

அதைக் குறை சொல்ல முடியாது. பச்சையம் இல்லை, உடல் முழுவதும் மெல்லிய இழைகள், இரையை விழுங்காமல் நொதியை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சி வாழ்கிறது, வித்தி போட்டுப் பெருகுகிறது. பங்கசு என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் நாம் எழுதுவதும் இதைத்தானே? 1969இல் ரொபர்ட் விற்றேக்கர் ஐந்து இராச்சியப் பாகுபாட்டை முன்வைத்து, பங்கசுக்குத் தனி இராச்சியம் கொடுத்தபோதும் நீர்ப்பூஞ்சணங்கள் பங்கசு இராச்சியத்துக்குள்தான் இருந்தன. பழைய பாடநூல்களில் அல்காப்பங்கசு என்று ஒரு வகுப்பு இருந்தது. பாண் பூஞ்சணம், நீர்ப்பூஞ்சணம், இன்னும் எங்கே வைப்பதென்று தெரியாத பலதையும் அதற்குள் போட்டு மூடிவைத்திருந்தார்கள்.

சந்தேகம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1850களில் ஜேர்மன் தாவரவியலாளர் பிரிங்ஸ்ஹைம், சப்ரொலெக்னியாவின் கருக்கட்டலும் வோச்சேரியா என்ற அல்காவின் (பாசியின்) கருக்கட்டலும் ஒன்றுபோலிருப்பதைக் கவனித்தார். இரண்டிலும் பெரிய உருண்டை முட்டையறை ஒன்று, பக்கத்தில் வந்து ஒட்டும் சிறிய ஆண் இழை ஒன்று. இது பச்சையம் இழந்த அல்காவாக இருக்குமோ என்ற எண்ணம் அப்போதே எழுந்தது. நிரூபிக்க அக்காலத்தில் வழி இல்லாததால் நூறு வருடத்துக்கு மேல் அது எண்ணமாகவே கிடந்தது.

ஒவ்வொன்றாக அவிழ்ந்த சாட்சிகள்

முதலில் கலச்சுவர். உண்மைப் பங்கசின் சுவரில் கைற்றின் முக்கிய பங்கு வகிக்கிறது. இறால் கோதில் உள்ள அதே பொருள். நீர்ப்பூஞ்சணத்தின் சுவரோ செலுலோசாலும் அதைப்போன்ற வேறு குளுக்கோசுச் சங்கிலிகளாலும் ஆனது. சில வகைகளில் கைற்றின் சொற்பமாக உண்டு, அது சுவரைத் தாங்கும் அளவுக்கு இல்லை.

அடுத்தது இழையின் உள்ளமைப்பு. பெரும்பாலான பங்கசு இழைகள் மலையகத்து லயன் வீடுகள் மாதிரி: நீளமான ஒரே கட்டடம், குறுக்குச் சுவர்கள் வைத்து அறை அறையாகப் பிரித்தது, சுவரில் சின்ன வாசல். நீர்ப்பூஞ்சண இழையில் அந்தக் குறுக்குச் சுவரே இல்லை. வித்திக்கலனையோ முட்டையறையையோ பிரிக்கும் இடத்திலும், காயம்பட்டு அடைத்த இடத்திலும் மட்டுமே சுவர் எழும். மற்றபடி ஆயிரக்கணக்கான கருக்கள் ஒரே குழாயில் மிதக்கின்றன. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாண் பூஞ்சணமும் பெரும்பாலும் குறுக்குச் சுவர் இல்லாததுதான், அது உண்மையான பங்கசு.

அந்தக் கருக்களுக்குள் பார்த்தால் இன்னொரு வேறுபாடு. பங்கசின் உடல் பொதுவாக ஒருமடியமானது, ஒரு தொகுதி நிறமூர்த்தமே இருக்கும். நீர்ப்பூஞ்சணம் நம்மைப்போல் இருமடியமானது. ஒடுக்கற்பிரிவு நடப்பது பாலினக் கலங்கள் உருவாகும் வேளையில் மட்டும்.

கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் உள்மடிப்புகள் பங்கசில் தட்டையானவை, நீர்ப்பூஞ்சணத்தில் குழாய் வடிவானவை. லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பங்கசுகள் ஒரு வழியில் தயாரிக்கின்றன. நீர்ப்பூஞ்சணங்கள் அதைத் தயாரிப்பது தாவரங்களும் பற்றீரியாக்களும் பின்பற்றும் முற்றிலும் வேறான வழியில். சமையலறைக்குள் நடக்கும் இந்த மாதிரி விடயங்கள் வெளித்தோற்றத்தைவிட நம்பகமானவை என்பது என் கருத்து. வாழுமிடத்துக்கு ஏற்ப உருவம் மாறலாம். பல நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் ஓர் உற்பத்தி வழியை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றைப் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

எனக்குப் பிடித்த சாட்சி, கலம் நீந்த உதவும் வால் போன்ற சவுக்குமுளை. பங்கசுகளிலும் நீந்தும் வித்தி போடும் ஒரு சிறு கூட்டம் உண்டு, கைற்றிட்டுகள் என்பார்கள். அந்த வித்தியின் பின்புறம் வழுவழுப்பான ஒரே ஒரு சவுக்குமுளை இருக்கும், அது கலத்தை முன்னே தள்ளும். விலங்குகளின் விந்துக்கலத்திலும் இதே அமைப்புத்தான். பங்கசையும் விலங்கையும் ஒரே கிளையில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீர்ப்பூஞ்சண இயங்குவித்திக்கு இரண்டு சவுக்குமுளைகள். பின்னோக்கி நீளுவது வழுவழுப்பானது. முன்னோக்கி நீளுவதன் இரு பக்கமும் விறைப்பான நுண்மயிர் வரிசை. அந்த ஒவ்வொரு மயிரும் அடி, குழாய்த்தண்டு, நுனி இழை என்று மூன்று பகுதிகளால் ஆனது. இதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில்தான் பார்க்க முடியும்.

அந்த மயிர்கள் செய்யும் வேலை விசித்திரமானது. சவுக்குமுளை அடியிலிருந்து நுனியை நோக்கி அலையடிக்கிறது. வழுவழுப்பான சவுக்குமுளை அப்படி அலையடித்தால் தண்ணீர் நுனிப்பக்கம் தள்ளப்படும், கலம் எதிர்ப்பக்கம் போகும். மயிர் வைத்த சவுக்குமுளையில் நடப்பது தலைகீழ். அலையின் மேட்டில் நிற்கும் மயிர்கள் சுழன்று தண்ணீரைக் கலத்தின் பக்கமாக வாரி இறைக்கின்றன. அதனால் கலம் சவுக்குமுளை நீண்டிருக்கும் திசையிலேயே இழுபட்டுப் போகிறது. இத்தனை நுணுக்கமான ஏற்பாடு இரண்டு இடத்தில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்று நம்புவது கடினம். கபில அல்காவின், அதாவது கடற்கரையில் பார்த்த அந்தக் கபிலக் கடற்பாசியின், விந்துக்கலத்தைப் பார்த்தால் அங்கேயும் முன்னால் மயிருள்ள சவுக்குமுளை, பின்னால் வழுவழுப்பானது. அதே மூன்று பகுதி மயிர்.

கடைசியாக மரபணு. 1987இல் றைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வொன்று, அக்லியா என்ற நீர்ப்பூஞ்சணம் பங்கசுகளோடு சேராமல் பொன்னிற அல்காக்களோடு சேர்வதைக் காட்டியது. பின்னர் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பிரிங்ஸ்ஹைம் பார்த்த வோச்சேரியாவும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று தெரிந்தது. மனிதர் சும்மா சொல்லவில்லை.

இராச்சியம் எது?

இந்த இடத்தில்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள். ஒரு புத்தகம் புரோட்டிஸ்டா என்கிறது, இன்னொன்று குரொமிஸ்டா என்கிறது, இணையத்தில் தேடினால் ஸ்ட்ரமெனொபைல் என்று வருகிறது. எது சரி?

பேரிராச்சியத்தில் சண்டை இல்லை. கருவுள்ள கலம் என்பதால் நீர்ப்பூஞ்சணம் இயூகரியாவைச் சேர்ந்தது. கீழே வந்தால், மயிருள்ள சவுக்குமுளை ஒன்றும் வழுவழுப்பானது ஒன்றுமாகக் கொண்ட மூதாதையிலிருந்து வந்த கூட்டத்துக்கு ஸ்ட்ரமெனொபைல்கள் என்று பெயர். கபில அல்காக்கள், தயற்றங்கள், பொன்னிற அல்காக்கள், நீர்ப்பூஞ்சணங்கள் எல்லாம் இதற்குள். இந்த உறவிலும் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் இந்தக் கூட்டத்தை இன்னும் இரண்டு கூட்டங்களோடு இணைத்தன. ஒன்று அல்வியோலேற்றுகள், மலேரியாக் கிருமி அதைச் சேர்ந்தது. மற்றது ரைசேரியா. மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து 'சார்' பெருங்குழு என்கிறார்கள். ஆக, மீன் வாலில் வளரும் பஞ்சுக்கு நுளம்பு காவும் மலேரியாக் கிருமியும் தூரத்துச் சொந்தம்.

சண்டை வருவது இந்தக் கிளைகளில் எதற்கு இராச்சியம் என்ற பட்டத்தைக் கொடுப்பது என்பதில்தான். 1981இல் தோமஸ் கவலியர்-சிமித் குரொமிஸ்டா என்ற இராச்சியத்தை முன்மொழிந்தார். சிலர் அதை ஏற்று நீர்ப்பூஞ்சணத்தை அங்கே வைக்கிறார்கள். அந்த இராச்சியத்தின் எல்லை ஒரே மூதாதை வழி வந்தவர்களை மட்டும் உள்ளடக்கவில்லை என்று சொல்லி மறுப்பவர்கள் பலர். புரோட்டிஸ்டா என்பது தாவரமும் இல்லை, விலங்கும் இல்லை, பங்கசும் இல்லை என்று கழித்துவிட்டு மிஞ்சியதற்கு வைத்த பெயர். கற்பிக்க வசதியானது, உறவுமுறையாகப் பார்த்தால் அர்த்தமில்லாதது. இருந்தாலும் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் பாடத்திட்டத்தில் உள்ளபடி புரோட்டிஸ்டா என்றே எழுதுங்கள். புள்ளி போடுபவரோடு வாதாட விடைத்தாளில் இடமில்லை.

பெயர் வைக்கும் சட்டம் இன்னொரு வேடிக்கை. அல்கா, பங்கசு, தாவரம் மூன்றுக்கும் பொதுவான பன்னாட்டு விதிக்கோவை ஒன்று உண்டு. நீர்ப்பூஞ்சணத்துக்குப் புதிதாகப் பெயர் வைப்பவர் இன்றும் அந்தக் கோவையில் பங்கசுக்கு உள்ள விதிகளைத்தான் பின்பற்ற வேண்டும், காரணம் மரபாக அப்படி நடத்தப்பட்டு வந்ததாம். வீட்டை விட்டுப் போனாலும் குடும்ப அட்டையில் பெயர் இன்னும் வெட்டுப்படவில்லை.

சளிப்பூஞ்சணம் என்று வேறொன்று இருக்கிறது, மழைக்கு மக்கிய மரத்தில் மஞ்சளாகப் படரும். அதுவும் பங்கசு இல்லை, நீர்ப்பூஞ்சணமும் இல்லை. அமீபாவின் பக்கத்துச் சொந்தம். இரண்டையும் போட்டுக் குழப்பாமல் இருந்தால் சரி.

உறவே இல்லாத இரண்டு கூட்டம் இப்படி அச்சொட்டாக ஒன்றுபோல் ஆனது எப்படி? ஒரே பிழைப்பு ஒரே உடலைக் கேட்கிறது. இரையை உறிஞ்சி வாழ்வதென்றால் மேற்பரப்பு அதிகம் வேண்டும், திண்மையான பொருளுக்குள் நுழைய நுனியில் வளர வேண்டும். மெல்லிய இழைதான் இரண்டுக்கும் விடை. சுறாவும் டொல்பினும் உருவத்தில் ஒத்துப்போவதற்கும் இதே காரணம்தான். இங்கே கூடுதலாக இன்னொன்றும் நடந்திருக்கிறது: தாவரக் கலச்சுவரைக் கரைக்கும் நொதிகள் போன்ற சிலவற்றுக்கான மரபணுக்களை நீர்ப்பூஞ்சணங்கள் பங்கசுகளிடமிருந்து நேரடியாகவே பெற்றிருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

மருந்து பிழைக்கும் இடம்

இதெல்லாம் அறிஞர்கள் மேசையில் பேசிக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று கேட்கலாம். நுவரெலியாவில் உருளைக்கிழங்கு போடுபவரிடம் கேட்டால் நமக்கென்ன என்று சொல்லமாட்டார்.

பங்கசுக்குக் கொடுக்கும் மருந்துகள் பல எர்கொஸ்டெரோல் என்ற பொருளைக் குறிவைப்பவை. பங்கசின் கலமென்சவ்வில் அது உண்டு. மருந்து அதன் உற்பத்தியைத் தடுக்கும், அல்லது அதோடு ஒட்டிச் சவ்வை ஓட்டையாக்கும். பைற்றொப்தொரா, பித்தியம் ஆகிய நீர்ப்பூஞ்சணச் சாதிகள் எர்கொஸ்டெரோல் போன்ற ஸ்டெரோல்களைத் தாமாகத் தயாரிப்பதே இல்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இல்லாத ஆலையை மூட முடியுமா? கார்பென்டசிம் எர்கொஸ்டெரோலோடு சம்பந்தமில்லாமல் வேறு வழியில் வேலை செய்யும் மருந்து. பல பங்கசுகளை அது அடக்கும், நீர்ப்பூஞ்சணத்திடம் எடுபடாது. அதேபோல 1970களின் இறுதியில் வந்த மெற்றலக்சில் நீர்ப்பூஞ்சணத்துக்கென்றே ஆனது, உண்மைப் பங்கசை அசைக்காது. சில வருடங்களிலேயே அதற்கும் எதிர்ப்புள்ள வகைகள் தோன்றிவிட்டன என்பது வேறு கதை. கடையில் எல்லாம் பங்கசுநாசினி என்று ஒரே இறாக்கையில்தான் இருக்கும். நோய் எந்தக் குடும்பம் என்று தெரியாமல் அடிப்பவர் காசையும் மருந்தையும் மண்ணில் ஊற்றுகிறார்.

மனிதர் விடயத்தில் இது இன்னும் கடுமை. பித்தியம் இன்சிடியோசம் என்ற நீர்ப்பூஞ்சணம் கண்ணின் விழிவெண்படலத்தைத் தாக்கும். பார்வைக்குப் பங்கசுத் தொற்றுப்போலவே இருப்பதால் பங்கசு மருந்து கொடுக்கப்பட்டு, பலனில்லாமல் நாள் போவதுண்டு. தென்னிந்தியாவில் இந்தக் கண்நோய் நிறையவே பதிவாகியிருக்கிறது. அங்கே மருத்துவர்கள் லினெசோலிட், அசித்ரோமைசின் போன்ற பற்றீரியா எதிர்ப்பு மருந்துகளைக் கொடுக்கும் வழிக்குப் போயிருக்கிறார்கள். தாய்லாந்தில் தலசீமியா உள்ளவர்களின் இரத்தக் குழாய்களையும் இது தாக்கியிருக்கிறது. அங்கே சத்திரசிகிச்சையே முதல் வழி. அரிதான நோய்தான். ஆனால் வகைப்பாடு தெரியாவிட்டால் கண் போகும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

உருளைக்கிழங்குக்கு வருவோம். 1845இல் அயர்லாந்தின் தோட்டங்களை அழுகவைத்தது பைற்றொப்தொரா இன்பெஸ்டன்ஸ். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட அதேயளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அழிவு அவ்வளவு பெரிதானதற்கு அரசியலும் நிலவுடைமையும் காரணம். நோயை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. இந்த நீர்ப்பூஞ்சணத்தின் வித்திக்கலன் காற்றில் பறக்கும். ஈர இலையில் விழுந்ததும், 15 பாகை செல்சியசுக்குக் கீழ்க் குளிரென்றால் இயங்குவித்திகளாகப் பிரிந்து இலையின் நீர்ப்படலத்தில் நீந்தும். 20 பாகைக்கு மேலானால் நீந்தும் வேலையை விட்டுவிட்டு நேரடியாக முளைக்குழாய் விடும். பனிமூட்டமும் குளிருமான நுவரெலியா, வெலிமடைப் பக்கம் அதற்கு ஏன் பிடித்துப்போகிறது என்று இதிலிருந்தே விளங்கும்.

அந்த அழுகலுக்குப் பூஞ்சணமே காரணம், அழுகிய பிறகு வந்து சேர்ந்ததல்ல என்று 1846இலேயே வாதிட்டவர் மைல்ஸ் பெர்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார். பலர் நம்பவில்லை. 1861இல் ஜேர்மனியரான அன்ரன் டி பாரி சோதனை மூலம் நிறுவினார், பைற்றொப்தொரா என்ற பெயரை 1876இல் அவரே வைத்தார். நமக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்தது அதே பெர்க்லியிடம். ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் என்று அவர் பெயர் வைத்த அந்தத் துருநோய் இருபது வருடத்துக்குள் இலங்கைக் கோப்பியை ஒழித்துக்கட்டியது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் தேயிலையோடு மலைநாட்டில் நிரந்தரமாகத் தங்கினார்கள். பெர்க்லிக்கு இரண்டு நோயும் பங்கசுதான். இன்றைய கணக்கில் கோப்பித்துரு மட்டும்தான் பங்கசு, அயர்லாந்தை அழித்தது கடற்பாசிக் குடும்பத்துப் பிள்ளை.

வடக்கிலும் இதற்குச் சொந்தபந்தம் உண்டு. பனை, தென்னையின் குருத்தை அழுகவைக்கும் பைற்றொப்தொரா பல்மிவோராவுக்கு முதலில் பெயரிட்டவர் இந்தியாவில் பணிபுரிந்த எட்வின் பட்லர். கோதாவரிப் பக்கத்துப் பனைகளில் அதைப் பார்த்து 1907இல் பித்தியம் இனமாக விபரித்தார். இன்று கொக்கோக் காய் கறுப்பதற்கும் அதுவே முக்கிய காரணிகளில் ஒன்று. கறுவாவின் பெயரைத் தாங்கிய பைற்றொப்தொரா சின்னமோமி 1922இல் சுமாத்திராக் கறுவா மரங்களிலிருந்து விபரிக்கப்பட்டது, பிறகு அவுஸ்திரேலியக் காடுகளைப் பெருமளவில் பட்டுப்போகச் செய்தது. யாழ்ப்பாணத்து முந்திரிகைத் தோட்டங்களில் இலையின் அடியில் வெண்மையாகப் படரும் அடிச்சாம்பல் நோயும் நீர்ப்பூஞ்சணமே. இலையின் மேற்பக்கம் மாப்பூசியதுபோல வருவது உண்மைப் பங்கசு. பெயர்கள் கிட்டக்கிட்ட இருந்தாலும் மருந்து ஒன்றில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பிறந்ததும் இந்த அடிச்சாம்பலால்தான். பிரான்சின் மெடொக் பகுதியில் வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருக்கத் தெருவோரக் கொடிகளில் அதைத் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் நோயில்லாமல் நின்றதைப் பார்த்த மில்லார்டே 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். மயில்துத்தத்தில் உள்ள செம்பு, பங்கசு, நீர்ப்பூஞ்சணம் என்று ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, இரண்டின் வித்தியையும் கொல்லும். மீன்கடைக்காரரின் நீல மருந்தும் உப்பும் பலிப்பதும் இப்படித்தான், அவை எர்கொஸ்டெரோலைத் தேடிப் போவதில்லை.

கொழும்பில் வயலும் தோட்டமும் இல்லாதவர்கள் நீர்ப்பூஞ்சணத்தைச் சந்தையிலேயே பார்க்கலாம். கங்குன் கீரைக் கட்டு வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் புள்ளி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வெள்ளையாய்ப் பளபளக்கும் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் அது அல்புகோ, வெள்ளைத்துரு என்பார்கள். கோப்பித்துருவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை. கொப்புளத்தை ஊசிமுனையால் கீறி, உதிரும் தூளைக் குளிர்ந்த நீர்த்துளியில் விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தால், நேரம் கொடுத்து, கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தால் இரண்டு சவுக்குமுளை உள்ள வித்திகள் நீந்தக் காணலாம். அது மனிதரைத் தொற்றாது. அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை வழமைபோலச் சுண்டலாம்.